டிஸ்க் நிரம்பியும் ஸ்கிரிப்ட் ஏன் வாயைத் திறக்கவில்லை?

எங்கள் ஆபீஸ் சர்வரில் டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டினால் மெயில் அனுப்புவதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். பத்து வரிதான். 91ல் மெயில் வந்தது, 94ல் வந்தது, 99லும் வந்தது. வேலை நெருக்கடி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாலு நாள் தள்ளிவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் மெயில் இல்லை. யாரோ பழைய லாக்கை அழித்துப் புண்ணியம் கட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் டேட்டாபேஸ் படுத்துக் கிடக்கிறது. டிஸ்க் சரியாக 100 சதவீதம்.

என் ஸ்கிரிப்ட்டின் கணக்கில் 100 என்பது 90ஐவிடச் சின்ன எண். காரணம் முதல் அறிகுறியிலேயே வருகிறது.

இதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். திரையில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். "பெரிய பி" என்றால் கேபிடல் எழுத்து. லினக்ஸும் அதில் கட்டளைகளை ஓட்டும் பாஷும்தான் அடிப்படை, விண்டோஸ் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம்.

எதையும் திருத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்கிரிப்ட் எந்தப் பாதையைக் கேட்டது, டிஸ்க் இடத்தைக் கணக்கிடும் டிஎஃப் கட்டளை என்ன வரியைத் திருப்பித் தந்தது, அதிலிருந்து எந்த எண்ணைப் பிய்த்தெடுத்தது, எந்த யூசராக ஓடியது, இந்த நாலையும் அப்படியே லாக்கில் எழுதவிடுங்கள். எண்ணைச் சதுர அடைப்புக்குள் போட்டு எழுதினால், பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்று இடமும் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் டெர்மினலில் பார்த்த எண்ணைத்தான் ஸ்கிரிப்ட்டும் பார்த்தது என்று நம்பிக்கொண்டு தேடினால் ஒரு பகல் போய்விடும்.

அறிகுறி: 91ல் எச்சரித்தது, 100ல் அமைதி

அல்லது இதன் தம்பி: புது டிஸ்க் மாட்டி 9 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது, ஆனால் "80ஐத் தாண்டிவிட்டது" என்று மெயில் வருகிறது.

இரட்டைச் சதுர அடைப்புக்குள் > போட்டால் பாஷ் அதை எண்ணாக ஒப்பிடாது. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். 100ன் முதல் எழுத்து 1, 90ன் முதல் எழுத்து 9. ஒன்று ஒன்பதுக்கு முன்னால் வருவதால் 100 சிறியது என்று முடிவாகிறது. 91 முதல் 99 வரை இரண்டும் ஈரிலக்கம் என்பதால் அகராதிக் கணக்கும் எண் கணக்கும் தற்செயலாக ஒத்துப்போகும். சோதித்துப் பார்க்கும் யாரும் 92, 95 என்றுதான் சோதிப்பார்கள், 100 வரை டிஸ்க்கை நிரப்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

ஒற்றைச் சதுர அடைப்பில் > போட்டிருந்தால் கூத்து வேறு மாதிரி. அங்கே அது ஒப்பீடே இல்லை, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் குறி. ஸ்கிரிப்ட் ஓடும் ஃபோல்டரில் 90 என்ற பெயரில் காலியான கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். அடைப்புக்குள் மிஞ்சுவது ஒரு எண் மட்டும். காலியாக இல்லாத எதுவும் உண்மை என்பதால் நிபந்தனை எப்போதும் நிறைவேறும், தினமும் மெயில் வரும். பத்து நாளில் எல்லோரும் அந்த மெயிலைத் திறப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மருந்து எளிது. மைனஸ் ஜிடி (பெரியதா), மைனஸ் எல்டி (சிறியதா), மைனஸ் ஜிஇ (பெரியதா அல்லது சமமா) ஆகியவை எண்ணை எண்ணாக ஒப்பிடுபவை. இல்லையென்றால் இரட்டை வளைவு அடைப்பு. அதற்குள் > போட்டால் கணக்குத்தான்.

அறிகுறி: "இன்டிஜர் எக்ஸ்பிரஷன் எக்ஸ்பெக்டட்"

முழு எண் எதிர்பார்த்தேன், வேறு ஏதோ கொடுத்தாய் என்கிறது. பெரும்பாலும் நாலு காரணங்களில் ஒன்று.

டிஎஃப் மைனஸ் எச் போட்டிருப்பீர்கள். அது மனிதர் படிக்க 4.7ஜி என்று தருகிறது. அதை 5உடன் ஒப்பிடச் சொன்னால் பாஷ் கையை விரித்துவிடும், அதற்குத் தசமப் புள்ளியும் தெரியாது, ஜியும் தெரியாது. ஸ்கிரிப்ட்டுக்குள் மைனஸ் எச் வேண்டவே வேண்டாம். மைனஸ் கே போட்டு கிலோபைட்டில் வாங்குங்கள். மெயிலில் அழகாகக் காட்ட வேண்டுமென்றால் அங்கே மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சதவீத நெடுவரிசையை எடுத்து % குறியை உரிக்க மறந்திருப்பீர்கள். அல்லது தலைப்பு வரியே எண்ணுக்குப் பதிலாக வந்திருக்கும். அல்லது பாதை இல்லாததால் டிஎஃப் பிழையை வேறு வழியில் கொட்டிவிட்டு, ஸ்கிரிப்ட்டின் கையில் ஒன்றுமே தராமல் போயிருக்கும். எண் காலியாக இருந்தால் அதை "இடம் இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலி என்றால் பிழை என்று அறிவித்து ஸ்கிரிப்ட்டை நிறுத்த வேண்டும்.

நெடுவரிசை எண்ணும் வேலையில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பழைய டிஎஃப், எல்விஎம் மாதிரி நீளமான டிவைஸ் பெயர் வந்தால் வரியை இரண்டாக மடித்துவிடும். இரண்டாம் வரியில் நாலாவது நெடுவரிசை என்று, வரியிலிருந்து நெடுவரிசையைப் பிரித்தெடுக்கும் ஆக் கட்டளையிடம் சொல்லி வைத்திருந்தால், அங்கே ஒன்றும் இருக்காது. மைனஸ் பெரிய பி போட்டால் மடிக்காது. அது போசிக்ஸ் என்ற பொதுத் தரம், மேக்கிலும் வேலை செய்யும். மேக்கில் மைனஸ் கே சேர்க்காவிட்டால் 512 பைட் தொகுதிகளில் எண்ணும், உங்கள் கணக்கு இரண்டு மடங்காகும். எனவே டிஎஃப், மைனஸ் பெரிய பி, மைனஸ் கே, அப்புறம் பாதை. இந்த வரிசையைக் கை தானாகத் தட்டும்வரை பழகிக்கொள்ளுங்கள். நாலாவது நெடுவரிசையில் மிச்ச இடம், ஐந்தாவதில் சதவீதம்.

நெட்வொர்க் ஷேரின் பெயரில் இடைவெளி இருந்தால் இதிலும் நெடுவரிசை தள்ளிப்போகும். லினக்ஸின் சாதாரண டிஎஃப்பில் அவுட்புட் என்ற நீள விருப்பம் உண்டு, 2013ல் வந்த கோர்யூட்டில்ஸ் (டிஎஃப் அடங்கிய கட்டளைத் தொகுப்பு) 8.21 முதல். அவுட்புட் சமம் அவைல் என்று கேட்டால் மிச்ச இடம் மட்டும் வரும், டெயில் போட்டுக் கடைசி வரியை எடுத்தால் போதும். ஆனால் ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸின் கன்டெய்னரில் இருப்பது பிசிபாக்ஸ் என்ற வேறு தொகுப்பின் டிஎஃப். அதற்கு இந்த விருப்பம் தெரியாது.

அறிகுறி: இடம் இருக்கிறது என்கிறது ஸ்கிரிப்ட், எழுதப்போனால் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"

பிழை எண் 28. இதில் ஸ்கிரிப்ட் பொய் சொல்லவில்லை, நாம்தான் பாதிக் கேள்வி கேட்டிருக்கிறோம்.

முதல் சந்தேகம் ஐநோடு. ஒவ்வொரு கோப்புக்கும் ஃபைல் சிஸ்டத்தில் ஒரு ஐநோடு, அதாவது அதைப் பற்றிய விவரக் குறிப்பு, வேண்டும். கல்யாண மண்டபத்தில் இலை தீர்ந்துபோவது மாதிரி இது. அடுப்படியில் சோறு மலையாக இருந்தாலும் அடுத்த பந்தியை உட்கார வைக்க முடியாது. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே எத்தனை ஐநோடு என்பது முடிவாகிவிடுகிறது, இயல்பாக 16,384 பைட்டுக்கு ஒன்று. 100 ஜிபி டிஸ்க்கில் ஏறக்குறைய 65 லட்சம். உங்கள் கோப்புகள் சராசரியாக 16 கேபிக்குக் கீழே இருந்தால், இடம் தீருமுன் இலை தீரும். பிஎச்பி செஷன் கோப்புகள், சுத்தம் செய்யாத கேஷ், அனுப்ப முடியாமல் குவிந்த மெயில் வரிசை, மூன்றும் வழக்கமான குற்றவாளிகள்.

டிஎஃப் மைனஸ் ஐ போட்டால் தெரிந்துவிடும். எந்த ஃபோல்டர் தின்கிறது என்று பார்க்க, ஃபோல்டர் அளவைக் கூட்டிச் சொல்லும் டியு கட்டளைக்கு ஐநோட்ஸ் என்ற விருப்பம் கொடுங்கள், கூடவே மைனஸ் எக்ஸ், வேறு டிஸ்க்குக்குள் நுழையாமலிருக்க. அழிக்கப்போய் ஆர்எம் நட்சத்திரம் என்று தட்டினால் "ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்" என்று முறைக்கும்; ஃபைண்ட் கட்டளையின் டிலீட்டைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும், அங்கே இந்தத் தலைவலி குறைவு. இன்னொரு வகையான பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஐநோடு மொத்தமே 0 என்று காட்டும். ஸ்கிரிப்ட்டில் மொத்தத்தால் வகுத்துச் சதவீதம் கண்டுபிடித்தால் பூஜ்ஜியத்தால் வகுத்த பிழைதான் கிடைக்கும், அதற்கு ஒரு நிபந்தனை வையுங்கள்.

இரண்டாவது, ஒதுக்கீட்டு இடம். எக்ஸ்ட்4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகி யூசருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. 100 ஜிபியில் 95 நிரம்பியதும் சாதாரண யூசருக்கு மிச்சம் 0. டிஎஃப் இதை 100 சதவீதம் என்றே காட்டும், ஏனென்றால் அது பயன்பட்டதை, பயன்பட்டதும் கிடைப்பதும் சேர்ந்த தொகையால் வகுத்து, மேல்நோக்கி முழுமையாக்குகிறது. நீங்களே பயன்பட்டதை மொத்தத்தால் வகுத்திருந்தால் 95 என்றுதான் வரும், சாதாரண யூசர் எவ்வளவு எழுதினாலும் அதற்குமேல் ஏறவே ஏறாது. 97ல் எச்சரிக்கும் ஸ்கிரிப்ட் என்றால் ஆயுளுக்கும் பேசாது.

பைத்தானில் இதே குழி. ஷுடில் மாட்யூல் தரும் டிஸ்க் யூசேஜில் மொத்தம், பயன்பட்டது, மிச்சம் என்று மூன்று எண். மிச்சம் என்பது சாதாரண யூசருக்குக் கிடைப்பது. ஆகவே மூன்றும் கூட்டிக் கழித்தால் பொருந்தாது. ஓஎஸ் ஸ்டாட்விஎஃப்எஸ் பயன்படுத்துபவர்கள் பிஃப்ரீயை (மொத்தக் காலி) விட்டுவிட்டு பிஅவைலை (சாதாரண யூசருக்குக் கிடைப்பது) எடுக்க வேண்டும், அதைப் பெருக்க வேண்டியது எஃப்ஆர்சைஸால், பிசைஸால் இல்லை. பல இடங்களில் இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதால் தப்பு வெளியே தெரியாது. சதவீதத்தைவிட மிச்ச இடத்தை நேரடியாக ஒப்பிடுவதுதான் என் பழக்கம். 4 டெராபைட் டிஸ்க்கில் 90 சதவீதம் என்றால் இன்னும் 400 ஜிபி இருக்கிறது, அதற்கு யாரையும் ராத்திரி எழுப்ப வேண்டாம்.

மூன்றாவது, கோட்டா, அதாவது ஒரு யூசருக்கு விதித்த இட வரம்பு. பிழைச் செய்தியே "டிஸ்க் கோட்டா எக்ஸீடட்" என்று வந்தால் டிஎஃப் பார்த்துப் பயனில்லை, அந்த யூசரின் கோட்டாவைப் பாருங்கள்.

அறிகுறி: டிஎஃப் நிரம்பியது என்கிறது, டியு போட்டால் பாதிகூட இல்லை

யாரோ பெரிய லாக் கோப்பை அழித்திருக்கிறார்கள், ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு கூட்டல் குறி, பெரிய எல், 1 என்று கொடுத்தால் இப்படிப் பெயரிழந்து திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பி வரும். நிறுத்த முடியாத சேவை என்றால் பிராக் ஃபோல்டரில் அந்த புரோசஸ் எண்ணுக்குள் எஃப்டி என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் அந்தக் கோப்புக்கான எண்ணைப் பிடித்து அதற்குள் வெறுமையை எழுதிக் காலி செய்யலாம். தப்பான எண்ணைக் காலி செய்தால் கதை கந்தலாகிவிடும், இரண்டு தடவை சரிபாருங்கள். அடுத்த முறையிலிருந்து ஓடும் லாக்கை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யுங்கள்.

எல்எஸ்ஓஎஃப்பில் ஒன்றும் இல்லையா? அப்படியானால் இடம் மவுண்டுக்கு, அதாவது ஒரு ஃபோல்டரில் இணைத்த டிஸ்க்குக்கு, அடியில் ஒளிந்திருக்கலாம், அது அடுத்த அறிகுறியோடு சம்பந்தப்பட்டது.

அறிகுறி: எண் சரியானதுதான், ஆனால் வேறு டிஸ்க்கினுடையது

பேக்கப்புக்கென்று ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், அதை மவுண்ட் செய்ய ஒரு ஃபோல்டர். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. சர்வர் எழுந்தது, டிஸ்க் எழவில்லை. ஃபோல்டர் மட்டும் காலியாக அங்கேயே இருந்தது. ஸ்கிரிப்ட் வந்து அந்தப் பாதையில் எவ்வளவு இடம் என்று கேட்டது. டிஎஃப், கேட்ட பாதை எந்த ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிறதோ அதன் கணக்கைச் சொல்லும். மவுண்ட் இல்லாதபோது அது ரூட் பார்ட்டிஷன், அதாவது சிஸ்டமே இருக்கும் முதன்மைப் பகுதி. "60 ஜிபி இருக்கிறது" என்றது. ஸ்கிரிப்ட் சந்தோஷமாக 58 ஜிபி பேக்கப்பை அதற்குள்ளேயே இறக்கிவைத்தது. அப்புறம் டிஸ்க்கை மவுண்ட் செய்தபோது அந்த 58 ஜிபி அதன் அடியில் மறைந்துபோனது. டியுவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ரூட் மட்டும் நிரம்பிக் கிடக்கிறது.

மறைந்ததைக் கண்டுபிடிக்க ரூட் பார்ட்டிஷனை வேறொரு காலி ஃபோல்டரில் பைண்ட் மவுண்ட் செய்து (அதே இடத்தை இன்னொரு ஃபோல்டரிலும் காட்டுவது) அந்த வழியாக உள்ளே போய்ப் பாருங்கள், அடியில் கிடப்பது தெரியும்.

திரும்ப நடக்காமலிருக்க, இடத்தைக் கேட்பதற்கு முன் மவுண்ட்பாயின்ட் என்ற கட்டளையால் அது உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். மைனஸ் கியூ கொடுத்தால் சத்தமில்லாமல் ஆம் இல்லை மட்டும் சொல்லும். இன்னொரு தந்திரமும் உண்டு. டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஎச்ஏட்டிஆர் கூட்டல் ஐ போட்டுவிடுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகாத நாளில் ரூட் யூசராலும் அதற்குள் எழுத முடியாது. மவுண்ட் ஆனபின் இந்தத் தடை குறுக்கே வராது. அனுமதிகளை மாற்றும் வெறும் சிஎச்மோட் ரூட் யூசரைத் தடுக்காது.

அறிகுறி: கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, கிரானில் இல்லை

சுருக்கமாக. நேரம் பார்த்துத் தானாக ஓட்டும் கிரான் தரும் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல், குட்டி, ஆகவே கட்டளைக்கு முழுப் பாதை கொடுங்கள். முதல் வரியில் பாஷ் என்று எழுதாமல் எஸ்எச் என்று எழுதியிருந்தால் டெபியனிலும் உபுண்டுவிலும் ஓடுவது பாஷ் இல்லை, டாஷ் என்ற வேறு ஷெல். அதற்கு இரட்டைச் சதுர அடைப்பு தெரியாது. மொழி அமைப்பு மாறினால் தலைப்புகளும் தசமக் குறியும் மாறலாம் என்பதால் எல்சி ஆல் சமம் பெரிய சி என்று மேலேயே போட்டுவிடுங்கள். கிரானின் அட்டவணையான கிரான்டேப் வரியிலேயே டிஎஃப்பைக் கோத்து % குறியை உரிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், கிரான்டேபில் % என்றால் புது வரி என்று பொருள். அதற்கு முன்னால் பின்சாய்வுக்கோடு வேண்டும், அல்லது எல்லாவற்றையும் தனி ஸ்கிரிப்ட்டுக்குள் தள்ளிவிடுங்கள். நான் தள்ளிவிடும் கட்சி.

அறிகுறி: ஸ்கிரிப்ட் தொங்கி நிற்கிறது

வெறும் டிஎஃப் போட்டால் மவுண்ட் ஆன எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும். அதில் ஒன்று மறுமுனை செத்துப்போன என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக மாட்டிய டிஸ்க்) என்றால் அங்கேயே நின்றுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிரான் புதிதாக ஒன்றைக் கிளப்ப, காலையில் பார்த்தால் நூற்றுக்குமேல் டிஎஃப்கள் வரிசையில் நிற்கும். வேண்டிய பாதையை மட்டும் கேளுங்கள். முன்னால் டைம்அவுட் போட்டு, கில் சிக்னலோடு பத்து வினாடி கொடுங்கள். சாதாரண சிக்னலுக்கு அசையாத புரோசஸ் இது. நேரம் கடந்தால் அதையும் எச்சரிக்கையாகவே எண்ணுங்கள்.

தொங்கவில்லை, ஆனால் பட்டியலில் எப்போதும் 100 என்று சில வரிகள் வருகின்றனவா? அவை ஸ்நாப் என்ற மென்பொருள் தொகுப்புகளின் ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டங்கள், பிறப்பிலேயே நிரம்பியவை. மைனஸ் எக்ஸ் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்று விலக்கிவிடலாம்.

அறிகுறி: டிஸ்க் நிரம்பியதும் எச்சரிக்கும் ஸ்கிரிப்ட்டே விழுகிறது

"கேனாட் கிரியேட் டெம்ப் ஃபைல் ஃபார் ஹியர் டாக்குமென்ட்" என்று லாக்கில் இருந்தால் இதுதான். மெயிலின் உடலை ஹியர் டாக்குமென்ட்டாக, அதாவது ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே பல வரி உரையாக, எழுதியிருப்பீர்கள். பாஷ் 5.1க்கு முந்தையவை அதை டெம்ப் ஃபோல்டரில் கோப்பாக எழுதித்தான் படிக்கும், டெம்ப் இருப்பதோ நிரம்பிய அதே டிஸ்க்கில். பிரின்ட்எஃப் போட்டுக் குழாய் வழியாக அனுப்புங்கள். உள்ளூர் மெயில் வரிசையும் பெரும்பாலும் அதே டிஸ்க்கில்தான் இருக்கும், ஆகவே கர்ல் கட்டளை மூலம் நேரடியாக வெளியே ஒரு இணைய முகவரிக்குத் தட்டுவது உத்தமம். என் அனுபவத்துக்குப் பிறகு, எல்லாம் நலம் என்றாலும் தினம் காலையில் ஒரு வரி வரும்படி செய்துவிட்டேன். அது வராத நாளில் டீக்கு முன் சர்வரைப் பார்க்கிறேன்.

விண்டோஸ்காரர்களுக்கு

பேட்ச் ஸ்கிரிப்ட்டில் செட் சாய்வு ஏ கணக்கு 32 பிட்தான். 2,14,74,83,647க்கு மேல் போகாது, அதாவது 2 ஜிபிக்கு மேற்பட்ட மிச்ச இடத்தை பைட்டில் கணக்கிட முடியாது, "லிமிட்டட் டு 32 பிட்ஸ்" என்று திட்டும். டபிள்யூமிக் கட்டளை வைத்து எழுதிய பழைய ஸ்கிரிப்ட்கள் புதிய விண்டோஸ் 11ல் கட்டளையே இல்லை என்று நிற்கும். பவர்ஷெல்லுக்கு மாறி கெட் சிம்இன்ஸ்டன்ஸிடம் வின்32 லாஜிக்கல்டிஸ்க்கைக் கேளுங்கள், டிரைவ்டைப் 3 என்று வடிகட்டினால் உள்ளூர் டிஸ்க்குகள் மட்டும் வரும். ஃப்ரீஸ்பேஸை 1ஜிபி என்று எழுதி வகுத்துக்கொள்ளலாம், பவர்ஷெல்லுக்கு அது எண்ணாகவே தெரியும். அந்த ஜிபி 1024 கணக்கில் போவது என்பதால் 500 ஜிபி என்று விற்ற டிஸ்க் 465 ஆகத் தெரிந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

திருத்தியதை எப்படிச் சோதிப்பது

நிஜ டிஸ்க்கை நிரப்பத் தேவையில்லை. காலி ஃபோல்டர் ஒன்றில் மெமரியிலேயே இருக்கும் டெம்ப்எஃப்எஸ் ஒன்றை மவுண்ட் செய்யுங்கள், விருப்பமாக சைஸ் சமம் 50எம், என்ஆர் ஐநோட்ஸ் சமம் 20. ஸ்கிரிப்ட்டை அந்தப் பாதைக்குத் திருப்புங்கள். ஃபாலோகேட் கட்டளையால் 46எம் கோப்பு ஒன்றை உருவாக்கினால் 92 சதவீதம், எச்சரிக்கை வர வேண்டும். அதை அழித்துவிட்டு 4500கே கோப்பு வையுங்கள், 9 சதவீதம், இப்போது வரக்கூடாது. பிறகு முழுசாக 50எம், 100 சதவீதம். அடுத்து எல்லாவற்றையும் அழித்து, காலிக் கோப்புகளை டச் கட்டளையால் வரிசையாக உருவாக்குங்கள். இருபதை எட்டுவதற்குள் "நோ ஸ்பேஸ்" வரும், டிஎஃப்போ இடம் தாராளமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். கடைசியாக அன்மவுண்ட் செய்துவிட்டு அதே பாதைக்கு ஸ்கிரிப்ட்டை ஒரு முறை ஓட்டுங்கள். "மவுண்ட் ஆகவில்லை" என்று அது குறை சொன்னால் கிரானில் போட்டுவிடலாம்.